செவலைக்குக் காப்புக் கட்டிய மாசி

என் வயசுக்காரர்களே, சுகம்தானே எல்லோரும்? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மாத்தளை டவுனில் நேற்றுக் கொஞ்சம் மழை தூறிக் காற்று வீசியது. அவ்வளவுதான். என் மருமகள் ஸ்வெட்டரைத் தேடுகிறேன் என்று அலுமாரியையே கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். பேரன் போர்வைக்குள் இருந்துகொண்டு "குளிருது, குளிருது" என்று ஒரே கூப்பாடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு குளிரா?

எல்கடுவ மலையில் மார்கழி பிறந்தால் எப்படி இருக்கும் என்று மருமகளிடம் சொல்லத் தொடங்கினேன். "ஆரம்பிச்சிட்டீங்களா மாமி" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். போகட்டும். அவளுக்கு என்ன தெரியும்? தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, பனியையும் புகையையும் சேர்த்துக் குடித்து வளர்ந்த உங்களுக்குத்தான் தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஒரு கன்றுக்குட்டி, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு மார்கழி, ஒரு மாசி. கதை இவ்வளவுதான். ஆனால் இந்த வயசிலும் எனக்கு இது தீரவில்லை.

எங்கள் வீடு கீழ் லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது வரிசையில் கடைசி. அடுத்த காம்பராவில் அத்தை. சொந்த அத்தை இல்லை. அப்பா "அக்கா" என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனவள். அவளுக்கு என் வயசில் ஒரு மகள். நானும் அத்தை மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே பேனை வாரிக்கொண்டவர்கள். அவள் தலையில் ஏறினால் மறுநாள் என் தலையில். இரண்டு அம்மாக்களும் எங்களைச் சேர்த்து உட்கார வைத்துச் சீப்பால் இழுத்து இழுத்துத் திட்டுவார்கள்.

லயத்துக்குப் பின்னால் மானாப்புல் வேய்ந்த மாட்டுக் கொட்டில் ஒன்று இருந்தது. அங்கே எங்கள் பசு. மார்கழி தொடங்கி, மலை முழுக்கப் பனிக்குள் போய்விட்ட ஒரு விடியற்காலையில் அது ஒரு காளைக்கன்று போட்டது. நல்ல செம்மண் நிறம். செவலை என்று பெயர் வைத்தோம். அதே வாரத்தில் அத்தை வீட்டு ஆடு ஒரு குட்டியை ஈன்றுவிட்டுச் செத்துப்போனது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி விழுந்த பெட்டைக் குட்டி, அதனால் அதன் பெயரும் புள்ளி என்றே ஆனது. பூனை அளவுகூட இல்லை. குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"இது தேறாது. சும்மா கைய வச்சு நோகடிக்காதீங்க" என்றாள் அத்தை.

நாங்கள் விடுவோமா? அத்தை முதுகு திரும்பியதும் அதைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினோம். லயத்திலேயே சூடான இடம் பசுவின் வயிற்றோரம்தான். பசு ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு தன் கன்றை நக்குவதுபோலவே அதையும் நக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சொரசொரப்பான நாக்கு படப்பட, குட்டி "ம்மே" என்று முதல் தடவையாகச் சத்தம் போட்டது. அத்தை மகள் என் கையைப் பிடித்துக் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, தழும்பு விழாதது ஆச்சரியம்.

அப்பாவின் கம்பளியை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, அந்தக் கறுப்புக் கம்பளி? முன்பு தோட்டத்தில் கொடுத்தது. மழைக்கும் அதுதான், படுக்கைக்கும் அதுதான். பீடியும் அடுப்புப் புகையும் நனைந்த ஆட்டு மயிரும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இப்போது அப்படி ஒரு சாமானைக் காட்டுங்கள் என்றால் எந்தக் கடையிலும் கிடையாது. அது நடுவில் கிழிந்து போயிருந்ததால் அம்மா இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொட்டிலில் விரித்தாள். அதன்மேல் செவலையும் புள்ளியும் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலை வைத்துப் படுத்துக்கொள்ளும். செவலை மூச்சு விட்டால் புள்ளியின் காது அசையும்.

அந்த மாதங்களில் வெயில் என்ற ஒன்றையே நாங்கள் பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் பனி விருந்தாளிபோல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த பாவாடை அடுப்புக்கு மேலே கொடியில் நாள் கணக்கில் தொங்கி, கடைசியில் காயாமலே புகை மணத்தோடு உடம்புக்கு ஏறும். கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மாவின் விரல்கள் வெள்ளை வெள்ளையாகச் சுருங்கிப் போயிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கொட்டிலுக்குள் நுழைந்து, அந்த இரண்டுக்கும் நடுவில் கால்களைச் செருகிக்கொள்வோம். அதைவிடச் சுகமான இடத்தில் நான் இதுவரை உட்காரவில்லை. மகன் வாங்கிப் போட்டிருக்கும் சோபாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பசுவின் பால் குறைந்தது. அம்மா பால் கறக்கும் சருவத்தைக் காட்டினாள், பால் அடியில்தான் கிடந்தது. அப்பா தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்:

"சாரைதான். ராத்திரியில வந்து பின்னங்கால சுத்திக்கிட்டு மடியில வாய வச்சிருக்கும்."

சாரைப்பாம்பு மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பதில் அந்த லயத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்பா காய்ந்த மிளகாயைக் கொட்டிலில் போட்டுப் புகைத்தார். பாம்பு வந்ததோ இல்லையோ, லயத்துச் சனம் முழுக்க இருமி இருமிச் செத்தது. அப்பாவோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகும் ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் தோட்டத்தில் காமன் கூத்தை, அதுதான் சிவன் மன்மதனை எரிக்கிற கதையை, பழக்கி ஆட்டுகிறவர் அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் கூத்து வாத்தியார். அவர் வந்து வேப்பிலை கட்டி, எதையோ முணுமுணுத்துத் திருநீறு போட்டார். பால் கூடவில்லை.

எனக்கும் அத்தை மகளுக்கும் விஷயம் தெரியும். சொல்வோமா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கடைசியில் ஒரு நாள் அம்மா வழக்கத்தைவிட வெள்ளென எழுந்து, குப்பி லாம்போடு கொட்டிலுக்குப் போனாள். "இஞ்ச வந்து ஒங்க சாரைய பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். ஒரு பக்கம் செவலை, மறுபக்கம் முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டபடி புள்ளி. இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன. பசு கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அன்று சாயந்தரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது அவர் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே, "அப்ப, மாடு ஆட்டுக்குட்டிக்கே பால் எறக்குதுல்ல?" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போது புரியவில்லை. நாட்டுப் பசு கன்று வாய் வைக்காமல் பால் இறக்காது. அதனால்தான் பசு கறக்கிற காலத்தில் கன்றை யாரும் கைவிட மாட்டார்கள். அப்பாவின் கணக்கு என்னவென்றால், பால் சுரக்க வைக்க இனிப் புள்ளி போதும், செவலை தேவையில்லை.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷங்களில் அரிசிக்கு நாம் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்று, நாக்கே கிழங்காகிப் போயிருந்தது. உக்குவளைப் பக்கம் வயல் வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்களுக்கு நானா, உழவுக்குப் பழக்க ஒரு காளைக்கன்று வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். பதிலுக்குத் தன் வயல் அரிசியைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"பனி வெலகட்டும்" என்றார் அப்பா. "இந்தக் குளிருல கன்னு அவ்வளவு தூரம் நடக்காது. வெயில் வந்ததும் நானா புடிச்சிட்டுப் போகட்டும்."

அதிலிருந்து பாருங்கள், மலை முழுக்க வெயிலுக்கு ஏங்கியது. நான் ஒருத்தி மட்டும் வெயில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து பார்ப்பேன். எதிர்ச் சரிவில் சவுக்கு மரங்கள் தெரியவில்லை என்றால் நிம்மதி. அம்மா குளிருக்கு முனகினால் எனக்குச் சந்தோஷம். "என்னடி தனியா பேசிக்கிற?" என்று ஒருநாள் கேட்டாள். பிள்ளையாரிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. மாசியில் ஒரு காலை, தகரக் கூரை டக், டக் என்று சத்தம் போட்டது. வெயில் பட்டால் தகரம் விரியும், அந்தச் சத்தம். நான் கதவைத் திறந்தேன். அப்பப்பா! எதிர்மலை அப்படியே கண் முன்னால் நின்றது. தேயிலைச் சரிவு முழுக்க ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முள்முருங்கை மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தன. எத்தனை நாள் அந்தப் பனிக்குள் யாருக்கும் தெரியாமல் பூத்துக்கொண்டு நின்றனவோ. மைனாக்கள் அதில் ஏறிக்கொண்டு ஒரே சண்டை. லயத்துப் பெண்கள் போர்வை, சாக்கு, பாய், தலையணை என்று எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டு, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

அத்தை மகள் செவலையையும் புள்ளியையும் அவிழ்த்துவிட்டாள். பிறந்ததிலிருந்து வெயிலையே பாராத பிள்ளைகள் அவை இரண்டும். செவலை ஒரு அடி எடுத்து வைத்தான், தன் நிழலைப் பார்த்தான், நாலு காலும் விறைத்து நின்றுவிட்டான். புள்ளி அந்த நிழல்மேல் பாய்ந்து குதித்தது. நிழல் ஓடவில்லை என்றதும் மறுபடியும் குதித்தது. பிறகு செவலைக்குத் தைரியம் வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு கொட்டிலைச் சுற்றி ஒரு ஓட்டம், பின்னாலேயே புள்ளி, பின்னாலேயே நாங்கள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்து, கல்லில் உட்கார்ந்தோம். கல் சூடாக இருந்தது.

"நானா வந்துருவாருடி" என்றாள் அத்தை மகள்.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அந்த வாரமே காமன் கம்பம் ஊன்றினார்கள். ஆமணக்குக் கொம்பு, கரும்பு எல்லாம் கட்டி, அடியில் வரட்டி அடுக்கி, கோயில் முன்னால் நட்டார்கள். வரட்டி எங்கள் பசுவின் உபயம். ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிறவர்களுக்கும் தப்பு அடிக்கிறவர்களுக்கும் வாத்தியார் மஞ்சள் நூலில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர்கள் காமன் எரிந்து, மூன்றாம் நாள் உயிர்த்து எழும்பும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டியவரே அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. எங்கள் தோட்டத்தில் இதை மீறி யாரும் பார்த்ததில்லை.

நான் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மகள் வாத்தியாரின் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவள் கை மூடியிருந்தது. திறந்து காட்டினாள். மஞ்சள் நூல்!

"நம்ம செவலைக்கும் கட்டிட்டா?" என்றாள்.

அவள் மூளையே மூளை. கொட்டிலுக்குப் போய், நூலை இன்னும் கொஞ்சம் மஞ்சளில் தோய்த்து, செவலையின் முன்னங்காலில் கட்டினோம். மிச்ச நூலைப் புள்ளியின் காலில் கட்டினோம். செவலை மன்மதன், புள்ளி ரதி. அத்தை மகள் கூத்தில் கேட்ட தப்பு அடியை வாயாலேயே அடித்தாள். நான் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்துத் தெளித்தேன். சாமி காரியம் சரியாக நடந்ததா என்று கேட்டால், எங்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சரியாகவே நடந்தது.

மறுநாள் மத்தியானம் நானா வந்தார். தோளில் கயிறு, சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை. ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து வியர்த்துப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கொட்டிலுக்குள் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

"அண்ணே, இது என்ன மஞ்ச நூலு?"

அப்பா எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "யாரு கட்டுனது?"

லயத்துச் சனம் கூடிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் விறகு அடுக்குக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஆட்டுக்கும் கட்டியிருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். "ஜோடியா கட்டியிருக்கு, ரதியும் மம்மதனும்" என்றாள் அத்தை, பயந்துபோய். வாத்தியார்தான் ஏதோ காரணமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று முடிவாகி, ஆள் அனுப்பினார்கள்.

வாத்தியார் வந்தார். நூலைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார், பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சு. பிறகு விறகு அடுக்கைப் பார்த்தார். விறகைப் பிடித்திருந்த என் விரல்களையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாவாடையையும் பார்த்தார், எல்லாம் மஞ்சள். எனக்கு உயிர் போய்விட்டது.

"யாரு கட்டுனா என்னப்பா" என்றார் மெதுவாக. "கட்டுனது கட்டுனதுதான். காமன் எந்திரிக்கிற வரைக்கும் இது எல்ல தாண்டாது. அவசரம்னா நீங்களே அவுத்துக்கங்க."

ஒரு கையும் நீளவில்லை. அப்பா நானாவைப் பார்த்தார்.

"என்ன பாக்க வாணாம் அண்ணே" என்றார் நானா. "ஒங்கட சாமி காரியத்துல கை வெக்க எனக்கு ஏலா. அவுத்த பொறகு வாரேன். அரிசி இருக்கட்டும், புள்ளைகள் தின்னட்டும்."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு சைக்கிளில் ஏறிப் போனார். எப்பேர்ப்பட்ட மனுஷன்! அன்று வீட்டில் அரிசிச் சோறும் தேங்காய்ச் சம்பலும். அத்தை வீட்டுக்கும் ஒரு சுண்டு அரிசி அளந்து போனது. செவலையை விற்ற சோறு என்று தெரியும். தெரிந்தும் இரண்டாம் தடவை தட்டை நீட்டினேன். அவ்வளவு ருசி.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். செவலையும் புள்ளியும் இன்னும் கொஞ்ச நாள் சேர்ந்து இருக்கும், அதற்குள் நானாவுக்கு வேறு கன்று கிடைத்துவிடும் என்று அத்தை மகள் சொன்னாள். நான் நம்பினேன்.

இடையில் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. மறுபடியும் வெயில். பழைய காலத்தில் நட்டு, யாரும் கவனிக்காமல் லயத்துக்குப் பின்னால் நின்ற கோப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளை வெளேரென்று பூத்தன. அந்த மணத்தை எப்படிச் சொல்வேன்? காம்பராவுக்குள் இருந்த புகை வாசமெல்லாம் போய், பழைய போர்வைகூட மணத்தது. கல் இடுக்கெல்லாம் புல். முள்முருங்கையில் தளிர். அத்தை வீட்டு மற்ற ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பின. புள்ளியும் பின்னால் போனது.

முதல் நாள் மத்தியானமே திரும்பி வந்து செவலையோடு படுத்துக்கொண்டது. அடுத்த நாள் சாயந்தரம் வந்தது. பிறகு வரவே இல்லை, ஆட்டுப்பட்டியிலேயே தங்கிவிட்டது. பாறையில் ஏறுவதும் குதிப்பதும் மற்றக் குட்டிகளோடு முட்டுவதுமாக அதற்கு நேரமே போதவில்லை. செவலைக்குப் பாறை ஏற வராது. வேலியில் ஆள் நுழைகிற கடவில் நின்றுகொண்டு அதைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பான். தொண்டை கட்டும்வரை கத்துவான்.

"நன்றி கெட்ட நாயே!" என்று அத்தை மகள் ஆட்டுக்குட்டியைத் திட்டினாள். துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து செவலை பக்கத்தில் விட்டாள். செவலை அதன் முகத்தை நக்கினான். அது ஒரு துள்ளுத் துள்ளி மறுபடியும் பாறைக்கு ஓடிவிட்டது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எந்த நாட்களுக்காக நூல் கட்டினோமோ, அந்த நாட்களெல்லாம் இப்படியே போய்க்கொண்டிருந்தன.

"அது ஆடுடி" என்றாள் அம்மா. "தழையப் பாத்தா போகத்தான் செய்யும்."

காமன் எரிந்தான். மூன்றாம் நாள் எழும்பினான். எல்லோருக்கும் காப்பு அவிழ்த்துவிட்டு வாத்தியார் எங்கள் கொட்டிலுக்கும் வந்தார். கட்டியவள் அவிழ்க்க வேண்டும் என்பதாலோ என்னவோ, நுனியை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். செவலை காலை அசைக்காமல் நின்றான். புள்ளியின் காலைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் நூலே இல்லை. எந்தப் புதர்ப் பற்றையில் அறுந்து விழுந்ததோ.

நானா வந்து கயிறு மாட்டினார். "நல்லா பாப்பேன் மகள், அழ வாணாம்" என்று என்னிடம் சொன்னார். செவலை கடவைத் தாண்டும்போது ஒரு தடவை கத்தினான். மேலே பாறையில் முள்முருங்கைத் தளிரைக் கடித்துக்கொண்டிருந்த புள்ளி தலையைத் தூக்கவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கும், இப்போது தூக்கும் என்று பார்த்தேன். தூக்கவே இல்லை.

"பாத்தியா, ஆட்டுக்குட்டியே கவலப்படல" என்றார் அப்பா. "நீ ஏன் அழுவுற? ரெண்டு நாளுல எல்லாம் மறந்துரும்."

இரண்டு நாளில் மறந்தது பசுதான் என்று வைத்துக்கொள்ளலாம். பால் கொடுக்க மறந்துவிட்டது. புள்ளியைப் பிடித்துவந்து மடியில் வாயை வைத்து அழுத்தினார்கள். புள்ளிக்குப் பாலில் இப்போது ஆசையில்லை. பசு ஒரு உதை விட்டது. மடி வற்றிப்போனது. அப்பா வெறும் சருவத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா குத்திக்காட்டவில்லை.

சித்திரை கழிந்ததும் அத்தை வீட்டார் இந்தியாவுக்குப் போனார்கள். நம் ஆட்களை ஒரேயடியாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற பேப்பர் வரும் வரும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் நாங்கள் யாரும் நம்பவில்லை. அது வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பேப்பர் வந்தது, உங்களுக்கும் தெரியும். ஆடுகளை மேல் லயத்தில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். புள்ளியும் அதோடு போனது.

லொறி வந்த அன்று அத்தை மகளுக்குப் புதுப் பாவாடை, இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். ரயிலில் போகப் போகிறாள், கப்பலில் ஏறப் போகிறாள். அதே பேச்சு. கப்பலுக்குள் குசினி இருக்குமாம், கக்கூசு இருக்குமாம். என் கையைப் பிடித்து, "போயிட்டு வாரேன்டி" என்றாள், ஏதோ பக்கத்துத் தோட்டத்துக்குத் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி. லொறியில் ஏறி, மற்றப் பிள்ளைகளோடு கத்திப் பாடத் தொடங்கினாள். லொறி வளைவில் திரும்பும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். ரிப்பன் மட்டும் தெரிந்தது. நான் நின்ற இடம் அந்த வேலிக் கடவு என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"சின்னப் பிள்ளைங்கதானே" என்று அம்மா யாரிடமோ சொன்னாள். "ரெண்டு நாளுல மறந்துரும்."

எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். புள்ளிமேல் கோபம், அவள்மேல் கோபம். மனசுக்குள் அவளையும் ஆட்டுக்குட்டி என்றே திட்டிக்கொண்டு திரிந்தேன். கடிதம் ஒன்றும் வரவில்லை. அத்தைக்கு எழுதத் தெரியாது, எங்களுக்கு விலாசம் தெரியாது. மேல் லயத்துப் பக்கம் புள்ளி மேய்வதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு ஆட்டோடு போய்க் கோபித்துக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு மறுபடியும் மார்கழி வந்தது. எதிர்மலை காணாமல் போனது. துணி காயவில்லை. பனி இறங்கிய முதல் நாட்களில் ஒரு விடியற்காலை, கொட்டிலுக்குப் போன அம்மா சத்தம் போடாமல் திரும்பி வந்து என் தோளைத் தட்டினாள்.

"எந்திரி. வந்து பாரு."

போனேன். கொட்டிலில் பசுவின் பக்கத்தில் புள்ளி. நன்றாக வளர்ந்துவிட்டது, கொம்பு முளைத்திருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. மேல் லயத்திலிருந்து அந்தப் பனியிலும் சாரலிலும் அதுவாகவே இறங்கி வந்திருக்கிறது. மயிரெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. தரையில் கிடந்த அந்தக் கம்பளித் துண்டை மூக்கால் முகர்ந்து முகர்ந்து சுற்றி வந்தது. பிறகு படுத்தது. கம்பளி முழுக்கத் தனக்கென்று படுக்கவில்லை. ஒரு ஓரமாக, செவலை படுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டு படுத்தது.

அப்பாவும் வந்து நின்றார். காற்று வராமல் கொட்டில் படலை இழுத்துச் சாத்திவிட்டு, மேல் லயத்துக்கு ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பனிக்காலம் முடியும்வரை புள்ளி ஒவ்வொரு சாயந்தரமும் இறங்கி வந்தது. ஒரு நாள்கூட நடுவில் படுக்கவில்லை. மாசி வெயில் வந்ததும் போய்விட்டது. நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அத்தை மகள் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று எப்போதோ யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ. அங்கேயும் மார்கழியில் நல்ல பனியாம். அவளுக்கும் இப்போது என் வயசுதானே, முழங்கால் வலிக்கும், குளிர் தாங்காது. இளம் வயசில் அவளுக்கும் ஆயிரம் வேலை இருந்திருக்கும், எனக்கும் இருந்தது. இப்போது என்ன வேலை? அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே இருக்கிறது.

நேற்று ராத்திரி மருமகள் எனக்கு ஒரு பெரிய போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். போர்த்திவிட்டு, "ஏன் மாமி இப்படி ஓரத்துல ஒண்டிக்கிட்டுப் படுக்கிறீங்க? நடுவுல நல்லா படுங்களேன், விழுந்துரப் போறீங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.